திறப்பு வலன்ரைன்

எமிலியானுசும் மனைவி அக்னெசும் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, கார்த்திகை பதினொன்று. காலையில் தூறிய மழை பத்து மணிக்குப் பனியாகி, பன்னிரண்டுக்கு மறுபடியும் மழையாகி, மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதி முழுவதையும் ஊறப்போட்ட துணிபோல ஆக்கிவிட்டிருந்தது. அப்படியான நாளில் வெயிலைத் தேடிப் புறப்படுகிற மனிதனால் சந்தோசத்தை மறைக்க முடியாது. எமிலியானுஸ் மறைக்க முயலவுமில்லை. வாசலில் மூன்று பெட்டிகளுக்கு நடுவே, தடித்த ஜக்கற்றுக்குள் பூப்போட்ட அரைக்கைச் சேட்டுடன் நின்றார்.

"அறுபத்தெட்டு வயசில பூச்சேட்டு," என்றார் அக்னெஸ். "பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"கலியாணம் கட்டாத பெடியன் எண்டு நினைப்பினம். அதில உமக்கென்ன நட்டம்?"

அவர்களை ஏற்றிப்போக வந்திருந்த வலன்ரைன் சிரித்துக்கொண்டே பெரிய பெட்டியைத் தூக்கினார். எமிலியானுஸ் விடவில்லை, மறுபக்கப் பிடியை அவர் பிடித்தார். கார் வரைக்கும் பத்தடிதான். பெட்டியை வைத்ததும் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று இருமினார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருமினார்.

"நெஞ்சுப் படம் எடுத்தநீங்களெல்லே அண்ணை? டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஏதும் இருந்தாக் கூப்பிடுவினம். கூப்பிடாட்டி ஒண்டுமில்லை. அதுதான் இந்த நாட்டு முறை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது லோன்றி இருமல், வலன்ரைன். பதினேழு வருசம் அந்த நீராவிக்குள்ள நிண்டனான். உப்புக்காத்துப் பட்டா ஓடிப்போடும்."

டோர்வல் விமான நிலையத்தில் ஜக்கற்றைக் கழற்றி வலன்ரைனின் தோளில் போட்டார். அதன் மேல் வீட்டுத் திறப்பை வைத்தார். "இரண்டும் உம்மட பொறுப்பு. சித்திரை இருபத்தைஞ்சு பின்னேரம் ஜக்கற்றோட வந்து நில்லும். வீட்டுப் போனை அஞ்சு மாசத்துக்கு வெட்டிப்போட்டன். கடிதம் மட்டும் வரும், எடுத்து வையும்." பிறகு, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பூச்சேட்டோடு கையைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் போனது நீர்கொழும்புக்கு. அங்கே அக்னெசின் தங்கை வீட்டு மேல்மாடி, கடலுக்கு நேரே, அவர்களுக்காகக் கூட்டித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவர்களுடைய கோயில் பங்கில் இரண்டு வலன்ரைன்கள் இருந்தார்கள். ஒருவர் வான் வண்டி வைத்திருந்தபடியால் வான் வலன்ரைன். மற்றவர் திறப்பு வலன்ரைன். நம்முடையவர் இரண்டாமவர். பாசையூரில் பிறந்தவர். எண்பத்தாறில் மொன்றியலுக்கு வந்து, கோட்-டெ-நேஜ் பக்கம் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டவர். ஹீற்றர் நின்றால் அவர், குழாய் வெடித்தால் அவர், லிஃப்டுக்குள் ஆள் மாட்டினால் அவர். தோள்மூட்டுத் தேய்ந்துபோய் அறுபத்திரண்டு வயதில் வேலையை விட்டார். விட்டு மூன்றாம் மாதமே வீட்டுக்குள் அலைந்துகொண்டு, ஒழுகாத குழாய்களையெல்லாம் கழற்றிப் பூட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இலங்கையில் சண்டை ஓய்ந்தது. அதுவரை, முதல் பனி விழமுன் புளோரிடாவுக்கு ஓடுகிற கியூபெக்காரக் கிழவன்களைப் பார்த்துப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த நம்மவர்கள், வேலையால் நின்றவர்கள், அந்தப் பனிமாரிக்கே தாங்களும் பெட்டி கட்டினார்கள். சிலர் கொழும்புக்கு, சிலர் திருச்சிக்கு. எமிலியானுஸ் முதலில் சொந்த ஊரான பேசாலையில்தான் தங்குவதாக இருந்தது. நுளம்புக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் இனி உடம்பு தாங்காது என்று அக்னெஸ் ஒற்றைக்காலில் நின்று நீர்கொழும்பாக்கினார்.

மாரியில் பூட்டிக் கிடக்கிற வீட்டை யாராவது நாலு நாளுக்கு ஒருக்காவது போய்ப் பார்க்காவிட்டால், குழாய் உறைந்து வெடித்தால் காப்புறுதிக்காரன் கையை விரித்துவிடுவான். யாரை நம்பித் திறப்பைக் கொடுப்பது? வலன்ரைனை. அந்தக் கார்த்திகை முடியமுன் அவருடைய குசினிச் சுவரில் ஏழு ஆணிகளில் ஏழு திறப்புகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர் சுற்றி, பெயர் எழுதியிருந்தார்.

"கோயிலில சாமியாருக்குக்கூட ஒரு திறப்புத்தான்," என்றார் மனைவி கிறேஸ். "உங்களுக்கு ஏழு. இனி மோட்சத்துத் திறப்பு ஒண்டுதான் பாக்கி."

"அதை இராயப்பர் வைச்சிருக்கிறார். அவரும் மாரிக்கு எங்கயும் போனா என்னட்டத்தான் தருவார்."

வேலையில் அவருக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. வீட்டுக்குள் போனவுடன் அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்பார். சும்மா கிடக்கிற வீட்டில் தண்ணீர் ஒழுகினால் சத்தம் முதலில் வரும், ஈரம் பிறகுதான். ஹீற்றர் பதினைந்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். எல்லாக் குழாய்களையும் சுடுதண்ணீர் வரும்வரை திறந்துவிடுவார். கழிவறையில் தண்ணீர் அடிப்பார். ஒரு அறையின் திரையை இழுத்து இன்னொரு அறையின் திரையைத் திறப்பார். வெளியே வந்து, பனியை வழித்த பிறகும், கராஜ் வரை இரண்டு தரம் வேண்டுமென்றே நடந்து சப்பாத்து அடையாளம் பதிப்பார். குப்பை எடுக்கிற நாளில் வெறும் பெட்டியை வீதிக்கு இழுத்து வைத்து, பின்னேரம் திரும்ப உள்ளே வைப்பார். ஆளில்லாத ஏழு வீடுகளில் ஆளிருப்பதுபோல அவர் ஒருவரே வாழ்ந்துகொண்டிருந்தார்.

கடிதங்களை மட்டும் தொடமாட்டார். அதாவது எடுப்பார், வீட்டுக்கொரு பிஸ்கற் ரின்னில் போடுவார், உடைக்கமாட்டார். கட்டடத்தில் வேலை செய்த காலத்தில், தன் பெயருக்கு வந்ததென்று நினைத்து வேறொரு பெண்ணின் கடிதத்தை உடைத்துவிட்டார். அவளுடைய அகதி மனுவை நிராகரித்த கடிதம். ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டார். அன்று பின்னேரம் அவள் படியில் எதிர்ப்பட்டு, மார்க்கற்றுக்குப் போய் வந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளுடைய தலையெழுத்து அவளுக்கு முன்னமே தனக்குத் தெரிந்திருந்த அந்த ஐந்து நிமிடம் அவருக்கு வாழ்நாளுக்கும் போதுமாயிருந்தது. அதன் பிறகு கதவு வேறு, கடிதம் வேறு.

எமிலியானுஸ் வீட்டுக்கு மார்கழி முதற்கிழமையில் ஒரு நீண்ட வெள்ளை உறை வந்தது. ரின்னில் போட்டார். மார்கழி இருபத்துநாலு, நத்தாருக்கு முதல்நாள், அதேபோல இன்னொன்று. அதையும் போட்டார். தை மாதம் பத்தாம் திகதியளவில் கதவிடுக்கில் ஒரு அட்டை செருகியிருந்தது: பதிவுத் தபால் வந்திருக்கிறது, ஆள் அடையாள அட்டையோடு வந்து எடுக்கவும். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு உறைகளுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே இடத்திலிருந்து. ஆஸ்பத்திரி.

கிறேஸ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உடையுங்கோவன்."

"அவற்ற கடிதம்."

"அவற்ற எண்டபடியாத்தான் சொல்லுறன். ஆஸ்பத்திரிக்காரன் நத்தார் வாழ்த்துச் சொல்லவே மூண்டு தரம் எழுதுறான்?"

"நான் உடைக்கமாட்டன், கிறேஸ்."

"அப்ப அவற்ற மகளிட்டயாவது குடுங்கோ. சும்மா ரின்னுக்குள்ள அடைகாக்கிறியள்."

மகள் ஜெனாட் லொங்குய்யில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, கார் பற்றரி குளிரில் செத்துக்கிடந்தபடியால், வலன்ரைன் அறுபத்தெட்டாம் இலக்க பஸ்ஸில் போய், செம்மஞ்சள் மெற்றோவில் ஏறி, மஞ்சளுக்கு மாறி, ஆற்றுக்கு அடியால் அக்கரைக்குப் போனார். இரண்டு மணித்தியாலம். உறைகள் ஜக்கற்றுக்குள், நெஞ்சோடு இருந்தன.

ஜெனாட் நின்றபடியே உடைத்தாள். பிரெஞ்சுக் கடிதம். வாசித்து, மடித்து, திரும்ப விரித்து வாசித்தாள்.

"அங்கிள், இது எப்ப வந்தது?"

"முதலாவது... மார்கழி தொடக்கத்தில."

"மார்கழி தொடக்கத்தில." அவள் கதிரையில் இருந்தாள். "அப்பாவின்ர வலப்பக்க நுரையீரலில ஏதோ இருக்காம். இரண்டு கிழமைக்குள்ள வந்து ஸ்கான் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறாங்கள். ஆறு கிழமை போட்டுது, அங்கிள்."

வலன்ரைன் மேசையில் கிடந்த உறையைப் பார்த்தார். "நான் ஒருத்தற்ற கடிதமும் உடைக்கிறேல்லை, பிள்ளை," என்றார். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்கிறதென்று அவருக்கே கேட்டது.

ஜெனாட் ஏசவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டாள். அன்று பின்னேரம் வலன்ரைனையும் போனில் சேர்த்துக்கொண்டாள். ரொறொன்ரோவிலிருந்து அவளுடைய தம்பி நிஷானும் இருந்தான். கொடுத்த நாளுக்கு வராதபடியால் பெயர் வரிசையில் கீழே போய்விட்டதாம். இனிக் கிடைக்கக்கூடிய நாள் சித்திரைக் கடைசியில்.

"அப்ப இப்ப வந்தாலும் சித்திரை, பேந்து வந்தாலும் சித்திரை," என்றான் நிஷான். "வந்து என்ன செய்யப்போறார்? மைனஸ் இருபத்தைஞ்சில வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சு யோசிச்சுச் சாகவே?"

"நேர எமேர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினா பாப்பாங்கள் தம்பி," என்றார் வலன்ரைன். "ஆள் முன்னால நிண்டா ஒரு மாதிரி. பேப்பரில நிண்டா வேற மாதிரி. எங்கட கட்டடத்தில ஒரு மனுசனை நான் அப்பிடித்தான்..."

"அங்கிள், இது ஹீற்றர் இல்லை," என்றாள் ஜெனாட்.

சொன்னவுடன் அவளே குரலைத் தாழ்த்தினாள்.

"ஐ ஆம் சொறி அங்கிள். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. அப்பா வாழ்க்கையில முதல் தரம் சும்மா இருக்கிறார். காலமை கடற்கரையில நடக்கிறாராம். அம்மா சொல்லுறா, வெள்ளைக்காரரோட நிண்டு படம் எடுக்கிறாராம். போனில கூப்பிட்டு, உங்களுக்கு இப்பிடி எண்டு சொன்னா, அவர் அந்தப் பிளேனுக்குள்ள இருபது மணித்தியாலம் எப்பிடி இருந்து வருவார்? வரட்டும். வந்தவுடன சொல்லுவம். அம்மாவுக்கும் இப்ப வேண்டாம். நீங்களும் சொல்லக்கூடாது. சத்தியமா."

தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியைச் சொல்லாமல் வைத்திருப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. வலன்ரைனின் தாய் ஊரில் இறந்ததை அவருக்கே இருபது நாள் கழித்துத்தான் சொன்னார்கள். வேலை பாழாகிவிடும் என்று. அவரும் அதைச் சரியென்றுதான் எடுத்துக்கொண்டார். இன்றும் அவருடைய மூளை சரியென்றது. ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் விட மனம் வரவில்லை. ஆனால் அவர் யார்? பிள்ளைகள் இரண்டு பேர் முடிவெடுத்துவிட்டார்கள். அவர் திறப்பு வைத்திருக்கிறவர். அதிலும் ஆறு கிழமை கடிதத்தை ரின்னில் பூட்டி வைத்திருந்தவர்.

"சரி பிள்ளை," என்றார்.

எமிலியானுஸ் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவார். அங்கே பின்னேரம் ஆறு, இங்கே காலை ஏழு. வலன்ரைன் பூசைக்குப் போக முகம் வழித்துக்கொண்டிருக்கிற நேரம்.

"என்னப்பா, மூக்கு இருக்கோ, உறைஞ்சு விழுந்திட்டுதோ?"

"இருக்குது அண்ணை."

"இஞ்ச எனக்கு வேர்வை வழியுது. வீடு எப்பிடி?"

"வீடு நல்லா இருக்கு. தண்ணி ஓடுது."

"கடிதம்?"

"விளம்பரம்தான் அண்ணை. பீசாக்காரன்."

அந்தப் பீசாக்காரனைத் தை, மாசி முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவேண்டியிருந்தது. சொல்லிவிட்டுப் பாதி வழித்த முகத்தோடு கண்ணாடிக்கு முன் நிற்பார். கிறேஸ் பின்னால் வந்து, "பூசைக்குப் போக முதலே பொய்," என்பார். பிறகு, "நீங்கள்தான் என்ன செய்யிறது," என்று துவாயை நீட்டுவார்.

மாசி நடுவில் எமிலியானுஸ் சொன்னார்: "வலன்ரைன், நான் நல்லா மெலிஞ்சிட்டன், தெரியுமே? காற்சட்டை நிக்குதில்லை. இஞ்ச எல்லாரும் புகழினம், கனடாக்காரர் எண்டா வண்டியும் தொந்தியுமா வருவினம், நீங்கள் இளந்தாரி மாதிரி எண்டு. எல்லாம் இந்த நடைதான்."

"இருமல் எப்பிடி அண்ணை?"

"இருமல் இருக்கு. அது என்னோட கூட வந்த சாமான். சுங்கத்திலயும் பிடிக்கேல்லை."

அன்று வலன்ரைன் பூசையில் ஒன்றுக்கும் எழும்பி நிற்கவில்லை. அடுத்த நாள் எமிலியானுஸ் வீட்டுக்குப் போய், வழக்கம்போல அசையாமல் நின்று காது கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஹீற்றர் பதினைந்தில் நின்றது. குழாய்களைத் திறந்தார், பூட்டினார். இந்த வீட்டில் கெட்டுப்போகக்கூடிய எல்லாவற்றையும் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். படுக்கையறையின் திரையை இழுக்கும்போது, கட்டிலில் மடித்து வைத்திருந்த எமிலியானுசின் ஸ்வெற்றர் கண்ணில் பட்டது. வெளியே வந்து, அடையாளம் பதிக்க மறந்து, காரில் ஏறிவிட்டார்.

அந்த வருடம் விபூதிப் புதன் பங்குனி ஐந்தாம் திகதி வந்தது. குருவானவர் நெற்றியில் சாம்பலைப் பூசி, நீ மண்ணாயிருக்கிறாய் என்று சொன்னது, வருடா வருடம் கேட்டதுதான், அன்றைக்குத் தன்னிடம் ஒப்படைத்த இன்னொரு கடிதம்போல வலன்ரைனுக்குப் பட்டது. மறுநாள் காலை சந்தியில் உள்ள டெபனர் கடைக்குப் போய்ப் போன் கார்ட் ஒன்று வாங்கினார். ஜெனாட்டிடம் கேட்கவில்லை. கிறேசிடம் மட்டும், "நான் அவருக்குச் சொல்லப்போறன்," என்றார்.

கிறேஸ் பாணுக்குப் பட்டர் பூசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "சத்தியம் பண்ணினநீங்களெல்லே?"

"ஓம்."

"பின்ன சரி, எடுங்கோ. பேந்து ரெண்டுக்கும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்."

எட்டு மணிக்குப் போன் எடுத்தார். அங்கே பின்னேரம் ஏழு. மூன்றாம் தரம் மணியடித்தபோது போனைத் தூக்கியது அக்னெஸ்.

"அக்கா, நான் வலன்ரைன்."

"தம்பி? என்ன, இண்டைக்கு வியாழனெல்லே?"

"ஓம் அக்கா. அண்ணை நிக்கிறாரோ? ஒருக்காக் கதைக்கவேணும்."

மறுமுனையில் ஒரு வாகனம் போகிற சத்தம். பிறகு எங்கோ ஒரு ரேடியோ.

"அவர் குளிக்கிறார், தம்பி."

"பரவாயில்லை. நான் நிக்கிறன்."

"கனநேரம் செல்லும். என்ன விசயம்? வீட்டில ஏதுமோ?"

வலன்ரைன் குசினிச் சுவரில் தொங்கிய ஏழு திறப்புகளையும் பார்த்தார். இரவு முழுக்க நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள் எல்லாம் "அண்ணை" என்று தொடங்கியவை. "அக்கா" என்று தொடங்குகிற வசனம் ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. அக்னெசிடம் சொல்லி, அந்த மனுசி அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவடியில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா. கராஜ் திறப்பு எங்க வைச்சநீங்கள் எண்டு கேக்கத்தான்."

"அது குசினி லாச்சிக்குள்ள."

"ஓம், ஓம். சரி அக்கா."

போனை வைத்தார். அரைமணித்தியாலம் கழித்து எடுத்திருக்கலாம். அடுத்த நாள் எடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எமிலியானுஸே கூப்பிட்டாரே, அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு தரம் வாய்வரை வந்து திரும்பிப்போன சொல் இரண்டாம் தரம் வருவதற்குப் பலம் போதவில்லை. அந்த ஞாயிறும் பீசாக்காரன்தான் வந்தான்.

சித்திரை இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. வலன்ரைனும் ஜெனாட்டும் டோர்வலில் நின்றார்கள். வலன்ரைனின் கையில் ஜக்கற். அந்தக் கிழமை சார்ஸ் காய்ச்சலைத் தவிர வேறு செய்தியே இல்லை. ரொறொன்ரோவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்களில் பாதிப்பேர் வாயை மூடிக்கட்டியிருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த விமானம் இறங்கி ஒரு மணித்தியாலமாகியும் ஆட்கள் வெளியே வரவில்லை. பிறகு வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். எமிலியானுசும் அக்னெசும் வரவில்லை.

நடந்தது இதுதான். நீர்கொழும்பில் கடைசிக் கிழமை எமிலியானுசுக்குக் காய்ச்சல் பிடித்திருந்தது. விமானத்தில் லண்டனிலிருந்து இங்குவரை இருமிக்கொண்டே வந்திருக்கிறார். ஆசியாவிலிருந்து வருகிற காய்ச்சல்காரக் கிழவன். பணிப்பெண் விமானிக்குச் சொல்ல, விமானி தரைக்குச் சொல்ல, கதவு திறந்தவுடன் உச்சியிலிருந்து பாதம்வரை மூடிய நாலு பேர் ஏறி, அவரை வேறு வழியால் இறக்கி அம்புலன்சில் கொண்டு போய்விட்டார்கள்.

வரிசை என்றார்கள், சித்திரைக் கடைசி என்றார்கள். அன்று ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், இரவுக்கு முன் ஸ்கானும் எடுத்தார்கள். சார்ஸ் இல்லை. ஆனால் அது உறுதியாகும்வரை பத்து நாள் தனியறை. பிள்ளைகள் பக்குவமாய்ச் சொல்லவென்று மூன்று மாதம் பொத்தி வைத்திருந்ததை, முகம் தெரியாத ஒரு டொக்டர், மூடிய வாயால், எமிலியானுசுக்குப் பாதி விளங்குகிற பிரெஞ்சில், கட்டிலின் காலடியில் நின்றபடி சொன்னான். பக்கத்தில் கையைப் பிடிக்க ஒருவருமில்லை.

அக்னெசையும் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேற வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆளில்லாத வீட்டுக்குள் ஐந்து மாதம் போய் வந்த வலன்ரைன், ஆள் வந்த பிறகு, கையில் திறப்பிருந்தும் உள்ளே போகமுடியாமல், கிறேஸ் சமைத்த சோற்றைப் படியில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு வீதிவரை பின்னால் நகர்ந்து நிற்பார். அக்னெஸ் கதவைத் திறந்து எடுப்பார். கையைக் காட்டுவார். கதவு மூடும்.

நாலாம் நாள் வலன்ரைனுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

"வலன்ரைன்."

"அண்ணை!"

"இவங்கள் எனக்குச் சாப்பாட்டைத் தள்ளுகோலால தள்ளுறாங்கள். மிருகக்காட்சிச்சாலை மாதிரி." இருமினார். குரல் தண்ணீரில்லாத குழாயிலிருந்து வருகிற காற்றுப்போல இருந்தது. "ஒண்டு கேக்கிறன். எனக்குக் கடிதம் வந்ததோ?"

கிறேஸ் அடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஓம் அண்ணை. மூண்டு."

"எப்ப?"

"மார்கழியில தொடங்கி."

"நீர் உடைச்சநீரோ?"

"இல்லை அண்ணை. உடைக்கேல்லை. ஜெனாட்டிட்டக் குடுத்தன்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"பின்ன சரி," என்றார் எமிலியானுஸ். போனை வைத்துவிட்டார்.

அந்தப் 'பின்ன சரி'யை வலன்ரைன் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்தார். நீ உன் ஒழுங்கை விடவில்லை, அதுவரைக்கும் சரி என்றாரா? உன்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்றாரா? பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோதெல்லாம் வேறு ஆட்கள் நின்றார்கள், அல்லது அவர் நித்திரை. ஒருநாள் தனியே அகப்பட்டார். வலன்ரைன் தொடங்கமுன், "பனிக்காலத்தில முன் படி ஒண்டு வெடிச்சிருக்கு, பாத்தநீரோ?" என்று கேட்டார். சீமெந்தைப் பற்றியே பேசி முடித்தார்கள். ஆவணி மாதம், மொன்றியலில் வெயில் கொளுத்திய ஒரு நாளில், எமிலியானுஸ் இறந்துபோனார். தையில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை. ஜெனாட் கேட்டிருக்கிறாள். சொல்லமுடியாது என்றுதான் சொன்னார்களாம்.

வலன்ரைன் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கிறேஸ் நினைத்தார். கொடுக்கவில்லை. அடுத்த மாரிக்கு ஒன்பது திறப்புகள் வந்தன. அவர் மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: திறப்பைத் தருகிறவர்களிடம், "கடிதம் வந்தா உடைக்கலாமோ? உடைச்சா, உள்ள இருக்கிறதை உங்களுக்கே சொல்லலாமோ?" என்று கேட்டு, பிளாஸ்ரரில் பெயருக்குக் கீழே ஓம் அல்லது இல்லை என்று எழுதி வைத்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் யோசித்துவிட்டு இல்லை என்றார்கள்.

அக்னெஸ் இரண்டு மாரியை வீட்டிலேயே கழித்தார். வலன்ரைன் போய்ப் பனி வழித்துக் கொடுப்பார்; அவர் கோப்பி ஊற்றிக் கொடுப்பார்; இருவரும் மற்ற ஆட்களைப் பற்றிக் கதைப்பார்கள். இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் முழங்கால் வலி தாங்காமல் அவரும் தங்கையிடம் நீர்கொழும்புக்குப் புறப்பட்டார். திறப்பைத் தரும்போது வலன்ரைன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அக்னெஸ் அவருடைய முகத்தைப் பார்க்காமல், "உங்கட விருப்பம், தம்பி," என்றார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வலன்ரைன் பத்து வீடுகளையும் பார்த்து, பத்து வெறும் குப்பைப் பெட்டிகளையும் உள்ளே வைத்துவிட்டு வந்தபோது, கிறேஸ் பேரப்பிள்ளையைக் கார்டெரிக் காப்பகத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். போனின் செய்திப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் மினுங்கியது. சப்பாத்தைக் கழற்றாமலே பொத்தானை அமத்தினார்.

"தம்பி வலன்ரைன், நான் அக்னெஸ் அக்கா. வீட்டில ஒருத்தரும் இல்லைப்போல. நல்லது. ஆள் எடுத்தா நான் சொல்லமாட்டன், இந்தப் பெட்டிக்கெண்டாச் சொல்லுவன். மூண்டு வருசத்துக்கு முன்னால, விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் எடுத்தநீங்கள். அவர் குளிக்கிறார் எண்டு சொன்னன். அவர் குளிக்கேல்லை, தம்பி. எனக்கு முன்னால இருந்து மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தவர். நான் போனோட விறாந்தைக்குப் போய்க் கதைச்சிட்டு வர, ஆர் எண்டு கேட்டார். ராங் நம்பர் எண்டன். நீங்கள் வியாழக்கிழமை எடுக்கிற ஆள் இல்லை. உங்கட குரலில எனக்கு விளங்கீட்டுது, அவருக்கு ஏதோ வந்திருக்கு எண்டு. என்ன எண்டு தெரியாது. அறியவும் விருப்பமில்லை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவர் இப்பிடியே மாம்பழம் வெட்டட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நினைச்சன். பேந்து நீங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு வந்து என்ர படியில பனி வழிக்கிறதை ரெண்டு மாரி யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு இருந்திட்டன். நீங்கள் சொல்லேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள். நீங்கள் சொன்னநீங்கள். நான்தான் குடுக்கேல்லை. பிள்ளையளுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். திரும்பி எடுக்காதேங்கோ, தம்பி. எடுத்தா, நான் குளிக்கிறன் எண்டு தங்கச்சியைக் கொண்டு சொல்லுவிப்பன்."